கொடி படர்ந்த பக்கம்

ஹேமர்ஸ்மித் பாலத்தின் நடுவே நாங்கள் நின்றபோது தேம்ஸில் தண்ணீர் வடிந்திருந்தது. லண்டனின் மேற்குப் பக்கம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் கடலின் ஏற்றவற்றம் ஆற்றை விடுவதில்லை. வற்றும் நேரத்தில் இரண்டு கரையிலும் கருஞ்சேறு பளபளக்கிறது. பாலத்தின் இரும்பில் விரிசல் கண்டு 2019 ஏப்ரலில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அதனால் வசதிதான். 1916இல் எழுபத்தைந்தைத் தாண்டிய ஒருவர் இங்கே இரவு இரவாக வந்து, ஒளித்துக் கொண்டுவந்த ஈய எழுத்துகளை ஆற்றில் போட்டார். மறு வருஷம் ஜனவரி வரை அந்த நடை ஓயவில்லை.

டவ்ஸ் அச்சகத்தின் காப்டன்-சாண்டர்சன் அவர். தனக்குப் பிறகு எழுத்து கூட்டாளி எமரி வாக்கர் கைக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். போய், ஏதாவது ஒரு யந்திரத்தில் மாட்டி, எதை வேண்டுமானாலும் அச்சடிக்கப் பயன்பட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஒரு டன்னுக்கு மேல் ஈயம் இப்படி முழுகியது. 2014இல் முக்குளிப்பவர்களை இறக்கித் தேடியதில் 150 எழுத்துகள் கிடைத்தன.

“பைத்தியமா அண்ணா அவருக்கு?” என்றாள் தங்கை. அவள் ஹாரோவில் குடியிருக்கிறாள், கணக்காயர். எனக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் அப்பா கும்பகோணத்தில் ட்ரெடில் மெஷின் வைத்து அச்சகம் நடத்தியவர். அதை மூடியபோது கேஸ் கேஸாக எழுத்தைக் கொட்டி, எடைக்குத்தான் போட்டோம். ஆற்றில் போடுவது அதைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

நான் தேடி வந்தது அவரை அல்ல, அவருக்கு முன்னோடியான வில்லியம் மோரிஸை. பாலத்திலிருந்து ஆற்றோரமாக மேற்கே நடந்தால் டவ் என்ற மதுக்கடை, குறுகிய சந்து, பிறகு அப்பர் மால். 26ஆம் எண் வீடு மோரிஸ் 1878இல் குடிவந்தது. வீட்டின் பெயர் கெல்ம்ஸ்காட் ஹவுஸ். சில கதவுகள் தள்ளி 16ஆம் எண்ணில் 1891 ஜனவரியில் அவர் அச்சகம் தொடங்கினார். அதற்கும் கெல்ம்ஸ்காட் என்றே பெயர். இரண்டு பெயருக்கும் மூலம் இதே ஆற்றின் தலைப்பக்கம், தண்ணீர் வழியாக ஏறக்குறைய 130 மைல் தள்ளியிருக்கும் ஒரு குக்கிராமம். 1880இல் குடும்பமும் நண்பர்களுமாகப் படகேறி, இந்த வீட்டு வாசலிலிருந்து அந்தக் கிராமத்தில் வாடகைக்கு எடுத்திருந்த வீடு வரை ஆற்றிலேயே போனார்கள். நாங்கள் ரயிலில் போவதாக ஏற்பாடு.

வீட்டின் அடித்தளத்தையும் பக்கத்து வண்டிக் கொட்டகையையும் மோரிஸ் சங்கம் சிறிய காட்சியகமாக வைத்திருக்கிறது. அங்கே அவருடைய அச்சகத்தைச் சேர்ந்த ஆல்பியன் கைப்பொறி ஒன்று நிற்கிறது. கறுத்த இரும்பு, ஒரு கைப்பிடி, மேலே கிரீடம்போல ஒரு முடிச்சு. கைப்பிடியை இழுத்தால் மேல்தட்டு இறங்கி எழுத்தின்மீது தாளை அழுத்தும். 1890களிலேயே இது பழங்காலத்துச் சாமான். அன்றைக்கு நீராவியில் ஓடும் உருளைப்பொறிகள் நாளிதழ்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. மோரிஸ் வேண்டுமென்றே பின்னால் போனார்.

பின்னால் போகத் தூண்டியது ஒரு பேச்சு. 1888 நவம்பர் 15 அன்று எமரி வாக்கர், அதே ஆற்றங்கரைக்காரர், அச்சுக்கலை பற்றி மாயவிளக்குப் படம் காட்டிப் பேசினார். பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் நகரத்து எழுத்துகள் திரையில் ஆளுயரத்துக்கு எழுந்தன. மோரிஸுக்கு அப்போது வயது 54. வால்பேப்பர், ஜமுக்காளம், வண்ணக் கண்ணாடி, திரைச்சீலை, கவிதை எல்லாம் செய்து முடித்தவர். அன்று இரவு வீடு திரும்பும்போதே புதிய எழுத்து ஒன்று வெட்ட வேண்டும் என்று முடிவாகிவிட்டதாம்.

அதை அவர் செய்த விதத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வெனிஸின் நிக்கலஸ் ஜென்சன் 1470களில் அச்சிட்ட பக்கங்களை வாக்கர் பெரிதாகப் படமெடுத்துக் கொடுத்தார். மோரிஸ் அவற்றின்மேல் தாள் வைத்து வரைந்தார். திரும்ப வரைந்தார். வளைவு எங்கே தடிக்கிறது, கால் எப்படி ஊன்றுகிறது என்று கைக்குப் பழகும் வரை வரைந்தார். பிறகு மாதிரியை மூடி வைத்துவிட்டுத் தன் எழுத்தைத் தானே எழுதினார். எட்வர்ட் பிரின்ஸ் என்ற தேர்ந்த கைவினைஞர் அதை எஃகில் வெட்டினார். ‘கோல்டன்’ எழுத்து என்று பெயர். ஜென்சனுடையதைவிடக் கறுப்பு, தடிப்பு. நகல் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த வழக்கம் அவருக்கு எழுத்தில் தொடங்கியதல்ல, இலையில் தொடங்கியது. சிறுவனாக எப்பிங் காட்டில் குதிரைக்குட்டி ஏறித் திரிந்தவர். ஜெரார்ட் என்ற பழைய மூலிகை நூலாசிரியரின் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். செடியை வெளியே போய்ப் பார்ப்பார், ஓவியம் வரையும்போது செடி மேஜைமேல் இருக்காது. தண்டில்லாமல் அந்தரத்தில் மிதக்கும் இலை அவருக்கு ஆகாது. எந்த இலையும் எங்கேயாவது முளைத்திருக்க வேண்டும், கண் அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டு வேர் வரை போக முடிய வேண்டும். கண்ணாடிக் கூண்டில் வளர்க்கும் அயல்நாட்டுப் பூக்களை ஒதுக்கிவிட்டு, வேலியோரத்துப் பூக்களையும் அடுக்கில்லாத ஒற்றை ரோஜாவையும் எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு ‘பூ பார்டர்’ என்று ஒரு பெட்டி உண்டு. துண்டு துண்டான ஈயக் கொடி. நான்கு மூலைக்கும் நான்கு பூ. அது என்ன பூ என்று ஒருநாள் கேட்டேன். “பார்டர் பூடா” என்றார். உலகத்தில் எந்த மண்ணிலும் முளைக்காத பூ அது. மோரிஸின் பூக்களுக்கோ பெயர் உண்டு.

கொட்டகையில் எங்களுக்குப் பொறியைக் காட்டிய முதியவர் கெல்ம்ஸ்காட் தாள் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளே ஒரு மீன். தாள் கெண்ட் பகுதியில் பாட்செலர் என்பவரின் ஆலையில் கைத்தாளாக வார்த்தது, பழைய இத்தாலியத் தாளை முன்னே வைத்து, லினன் கந்தையில் செய்தது. ஆலைக்குப் போன மோரிஸ் கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே ஒரு தாள் வார்த்துப் பார்த்திருக்கிறார். நீர்க்குறிகள் மூன்று: ஒரு பூ, ஓர் ஆப்பிள், ஒரு பெர்ச் மீன். தூண்டில் போடுவதில் அவருக்குப் பெரும் பிரியம். ஆக அந்த மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். மை ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து, உள்ளூர் மை அவருக்குப் போதுமான கறுப்பாக இல்லை. சில படிகளுக்குத் தாளுக்குப் பதில் கன்றுத்தோல். ஓரக்கொடிகளையும் முதலெழுத்துகளையும் அவர் தூரிகையால் கறுப்பும் வெள்ளையுமாக எழுதுவார், ஹூப்பர் போன்றவர்கள் மரக்கட்டையில் செதுக்குவார்கள். ஏழு ஆண்டில் 53 நூல்கள். அச்சகத்துக்கென அவர் வரைந்த அலங்காரங்கள் மட்டும் அறுநூறுக்கு மேல்.

அவற்றில் தலையானது ஆங்கிலக் கவி சாசரின் படைப்புத் தொகுப்பு. அதை முந்தைய நாளே வால்தம்ஸ்டோவில் பார்த்திருந்தோம். மோரிஸ் 14 வயதிலிருந்து 22 வரை வாழ்ந்த, அகழி சூழ்ந்த தோட்டமுள்ள மாளிகை அது. 1950இல் பிரதமர் அட்லீ திறந்துவைத்த காட்சியகம். கண்ணாடிப் பேழைக்குள் புத்தகம் விரிந்திருந்தது. 556 பக்கம், பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள், மோரிஸின் 14 பெரிய ஓரக்கொடிகள், பெரிய முதற்சொற்கள் 26. அச்சடிப்பு 1894 ஆகஸ்டில் தொடங்கி 1896 மே மாதம் முடிந்தது. தாளில் 425 படி, கன்றுத்தோலில் 13. நாற்பத்தெட்டுப் படிகளுக்கு வெள்ளைப் பன்றித்தோல் அட்டை கட்டியது வேறு யாருமல்ல, பின்னாளில் பாலத்தில் நின்ற அதே காப்டன்-சாண்டர்சனின் பட்டறை.

என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தைப் படிக்க முடியவில்லை. கொடி எழுத்துக்குள் இறங்கியிருக்கிறது, எழுத்து கொடிக்குள் ஏறியிருக்கிறது. கண் வரியைப் பிடிக்கப் போய் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. முதல் நிமிடம் இது தவறு என்றே பட்டது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் கணக்கு புரிந்தது. மோரிஸுக்குப் புத்தகத்தின் அலகு ஒரு பக்கமல்ல, விரித்தால் தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்தது. உள்ளோரம் மிகக் குறுகல், மேலோரம் அதைவிட அகலம், வெளியோரம் இன்னும் அகலம், அடியோரம் எல்லாவற்றிலும் அகலம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்பது இடைக்காலத்து ஏடெழுதிகளின் கணக்கு என்று ஒரு நூலகர் சொல்ல, மோரிஸ் பிடித்துக்கொண்டார். வரப்பு போட்ட பிறகுதான் பயிர். அந்த வரப்பு இருப்பதால்தான் இவ்வளவு அடர்த்தியும் காடாகிப் போகாமல் தோட்டமாக நிற்கிறது. ஆனாலும் சாசரைப் படிக்க விரும்புகிறவர் வேறு பதிப்பு வாங்குவதே நல்லது.

வாங்குவது என்றதும் இன்னொன்று. தாள் படியின் விலை 20 பவுண்டு, அதைக் கோத்த அச்சுக்கோப்பாளருக்குப் பல வாரச் சம்பளம். உழைப்பாளிக்கு உழைப்பில் மகிழ்ச்சி வேண்டும் என்று முச்சந்தியில் நின்று முழங்கிய சோஷலிஸ்ட் மோரிஸ். நாங்கள் நின்ற அதே வண்டிக் கொட்டகையில்தான் ஞாயிறுதோறும் கூட்டம் நடக்கும். இந்த முரண் அவருக்கும் தெரியும், அவரால் தீர்க்க முடியவில்லை. குடும்பச் செல்வம் டெவனின் செம்புச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் ஆர்சனிக்கும் எடுத்தது. தோட்டத்து ரோஜாப் பந்தலைப் பார்த்து அவர் வரைந்த முதல் வால்பேப்பரின் பச்சையைப் பின்னாளில் ஆய்ந்தபோது அதிலும் ஆர்சனிக் இருந்தது. அந்த நச்சைப் பற்றிய பயத்தை அவர் வைத்தியர்களின் பீதி என்று தள்ளிவிட்டார். இலைகளை இத்தனை நேசித்தவரைப் பற்றி எழுதும்போது இந்தப் பச்சையை விட்டுவிடக் கூடாது.

அடுத்த நாள் பேடிங்டனில் ரயிலேறி ஸ்விண்டனில் இறங்கினோம். லெச்லேட் போகும் பேருந்தைக் கண்ணெதிரே தவறவிட்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தோம். லெச்லேடிலிருந்து ஆற்றோரப் பாதையில் நடை. இங்கே தேம்ஸை வாய்க்கால் என்றே சொல்லலாம், நம்மூர்ப் பையன்கள் ஓர் எட்டில் நீந்திக் கடந்துவிடுவார்கள். ஆற்றின் முதல் மதகான செயின்ட் ஜான்ஸ் லாக்கில் தாடிவைத்த தேம்ஸ் தாத்தா சிலை. அதைத் தாண்டினால் புல்வெளி, மாடு, உலகப்போர்க் காலத்துக் கான்கிரீட் காவலறைகள், வரிசையாக வில்லோ மரங்கள்.

வில்லோவை நான் அதற்கு முன் வால்பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன். நம் மேற்கு மலை ஆறுகளில் ஆற்றுப்பாலை என்று ஓர் உறவுக்கார மரம் உண்டு. ஆனால் அதைக் கூர்ந்து பார்த்ததில்லை. இங்கே காற்று அடித்ததும் கிளை முழுவதும் ஒரே நேரத்தில் நிறம் மாறியது. இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு. இதே ஓடைக்கரையில் மகள் மேயோடு நடக்கும்போது மோரிஸ் இலைகளின் வேறுபாட்டை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருவாராம். 1887இல் ‘வில்லோ பௌ’ பிறந்தது. இன்றும் விற்கிறது.

புல்லில் உட்கார்ந்து நானும் நோட்டுப் புத்தகத்தில் ஓர் இலையை வரைந்தேன். இலை என் எதிரே. ஈட்டிபோல நீளம், ஓரத்தில் மிக நுண்ணிய பல், நடு நரம்பு நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருந்தது. கால் மணி நேரத்தில் சுமாராக வந்தது.

“இலை வரையணும்னா ஹாரோவிலேயே வரைஞ்சிருக்கலாமே, அண்ணா. என் தோட்டத்துல இல்லாத இலையா?” என்றாள் தங்கை, செருப்பிலிருந்து சேற்றைத் தட்டிக்கொண்டே.

கெல்ம்ஸ்காட் மேனர் 1600 வாக்கில் ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய கல்வீடு. 1871இல் மோரிஸும் ஓவியர் ரோஸெட்டியும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். இன்று லண்டன் தொல்பொருள் சங்கத்தின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே நுழைவதற்கு முன் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். ஓடுகளும் கல்தான். கீழே இறவாரத்தில் பெரிய பலகைகள், மேலே போகப்போகச் சிறியவை, முகட்டில் உள்ளங்கை அளவு. மீனின் செதிலையும் பறவையின் இறகையும் பார்த்தால் வரும் அதே இன்பம் இந்தக் கூரையில் தனக்கு வருகிறது என்று மோரிஸ் எழுதியிருக்கிறார். கொத்தனார் மீனைப் பார்த்து ஓடு வேயவில்லை. மழைநீர் வழிய அதுதான் சரியான அடுக்கு, மீனுக்கும் அதுவே.

வாசல் நடைபாதையில் இரு பக்கமும் ரோஜா. இதே காட்சியைத்தான் மோரிஸ் தன் நியூஸ் ஃப்ரம் நோவேர் நாவலின் அச்சகப் பதிப்புக்கு முகப்புப் படமாக வைத்தார். அந்த நாவலிலும் ஹேமர்ஸ்மித்திலிருந்து படகில் வந்து இங்கே சேர்கிறார்கள். நான் அந்தக் கோணத்திலேயே நின்றுகொண்டேன். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

தோட்டத்தில் பூங்குருவிகள் வலைக்குள் நுழைந்து ஸ்ட்ராபெரியைக் கொத்திப் போகும். தோட்டக்காரருக்கு எரிச்சல், மோரிஸுக்கு வேடிக்கை. அவற்றைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். 1883இல் அந்தத் திருட்டு துணியில் ஏறியது. ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ அச்சாகும் முறை கேட்கவே மூச்சு வாங்கும். முழுத் துணியையும் அவுரி நீலத்தில் தோய்ப்பது, பூவும் பறவையும் வர வேண்டிய இடத்தை மட்டும் வெளுப்பது, பிறகு அந்த இடங்களில் வேர்ச் சிவப்பையும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளையும் ஏற்றுவது. ஒரு துணி முடியப் பல நாள். ரசாயனச் சாயங்கள் கடைகளை நிரப்பிய காலத்தில் அவர் முழங்கை வரை நீலமாகத் தொட்டியருகே நின்றார். அன்று இங்கிலாந்துக்கு வந்த நீலத்தில் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது. இந்த வகைத் துணிக்கு ஆங்கிலத்தில் சிண்ட்ஸ் என்று பெயர். நம் பாட்டிமார் சீட்டித் துணி என்று சொன்னதும் அதே சொல்தான். சோழமண்டலக் கரையில் சாயவேரில் தோய்த்து எழுதிய துணி கப்பலேறிப் போய், அங்கே தோட்டமும் குருவியும் பூசிக்கொண்டு நிற்கிறது.

ஊர்க்கோயில் கல்லறைத் தோட்டத்தில் மோரிஸின் சமாதி, சிறு வீட்டின் கூரைபோல ஒரு கல், நண்பர் பிலிப் வெப் வடித்தது. சாசர் கையில் வந்து நாலு மாதம், 1896 அக்டோபர் 3 அன்று 62 வயதில் இறந்தார். புயலும் மழையுமான நாளில் ஒரு வைக்கோல் வண்டியில் வில்லோக் கிளை பரப்பிப் பெட்டியை ஏற்றி வந்தார்கள். மலர்வளையக்காரர் யாரும் தேவைப்படவில்லை.

அதற்கடுத்த நாள் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வடமேற்கே போகும் ரயில். பெட்டியின் ஜன்னலோரம் ஓர் ஓடை எங்களைவிட்டுப் பிரியவே இல்லை, இடமும் வலமுமாகத் தாண்டித் தாண்டி வந்தது. அது ஈவன்லோட், தேம்ஸின் கிளையாறு. மோரிஸ் தன் துணி ஓவியங்களுக்கு வரிசையாகக் கிளையாறுகளின் பெயரை வைத்தார்: ஈவன்லோட், வாண்டில், கென்னெட், விண்ட்ரஷ். ஈவன்லோட்தான் முதல்.

மோர்ட்டன்-இன்-மார்ஷில் இறங்கிப் பேருந்தில் சிப்பிங் கேம்டன், அங்கிருந்து ஒரு மைல் நடந்தால் பிராட் கேம்டன். தங்கைக்கு இங்கே ஏன் வந்தோம் என்று அதுவரை சொல்லவில்லை. மோரிஸ் இறந்த பின் அச்சகம் 1898இல் மூடப்பட்டது. கைப்பொறிகளை ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் தன் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்கு வாங்கினார், 1902இல் கைவினைஞர் குழுவோடு கேம்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஐந்தாறு வருடத்தில் குழு நொடிந்தது. அப்போது பிராட் கேம்டனில் ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த பழைய நார்மன் தேவாலய வீட்டில் குடியிருந்தவர் கொழும்பில் பிறந்த ஒரு தமிழர், ஆனந்த குமாரசுவாமி. சர் முத்துக் குமாரசுவாமியின் மகன், இலங்கையில் கனிமவள ஆய்வை நடத்திவிட்டு வந்த புவியியலாளர், வயது முப்பது. சாசர் அச்சான அதே கைப்பொறியை அந்த வீட்டுக்குள் வைத்து, தன்னுடைய இடைக்காலச் சிங்களக் கலை நூலை 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பரில் முடித்தார். படிகள் 425. சாசரின் தாள் படிக்கும் அதே எண்ணிக்கை.

கண்டி நாட்டு ஓவியர்கள், தச்சர்கள், நெசவாளர்கள் பற்றிய நூல் அது. ஓவியர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் பாடம் ஓர் இரட்டை வளைவு. அதைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை பழகிய பிறகுதான் கொடியும் தாமரையும் அன்னமும். எதையும் முன்னே வைத்துப் பார்த்து வரைவதில்லை, கைக்குள் இருப்பதுதான் வெளியே வரும் என்கிறார் குமாரசுவாமி. அந்த மரபில் புத்தகமே தாளிப்பனையின் ஓலை, அதன்மேல் பூவெழுதிய மரப்பலகைகள் அட்டை. நாமும் எழுதியதையெல்லாம் ஓலை, ஏடு, மடல், இதழ் என்று செடியின் உறுப்பாகவே சொல்லிவிட்டோம். இதை வாசிப்பவர் கையில் இருப்பதற்கும் அதே பெயர்தான்.

வீடு இன்று தனியாருடையது. உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியிலிருந்து தேன் நிறக் கல்லும் ஓட்டுக் கூரையும் கொஞ்சம் தெரிந்தன. தங்கை சிறிது நேரம் பேசாமல் நின்றாள். “யாழ்ப்பாணத்துக்காரர் வீடா இது?” என்று கேட்டாள், பிறகு போனில் ஒரு படம் எடுத்தாள். படத்தில் வேலிதான் விழுந்தது.

திரும்பும் பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. நிறுத்தத்துக் கல்பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். கெல்ம்ஸ்காட்டில் வரைந்த பக்கத்தை மடித்து மூடிவிட்டு, புதுப் பக்கத்தில் வில்லோ இலையை நினைவிலிருந்து வரைய ஆரம்பித்தேன். காம்பு வந்தது. நரம்பு வந்தது. ஓரம் வளைந்து, நடுவில் அகன்று, நுனியில் கூர்ந்தது. தங்கை என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.

“இது மாவிலை, அண்ணா.”